பவரைக் கூட்டினால் சவுண்டு தெளிவாகுமா? எஃப்.எம் ரேடியோவைத் தந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதை!

மழைக்காலத்தில் பழைய மீடியம் வேவ் ரேடியோ கேட்டவர்களுக்கு இது தெரியும். வெளியே ஒரு மின்னல் வெட்டும், உள்ளே ரேடியோவில் கர்ர்ர்ரென்று ஒரு இரைச்சல் வரும். பாட்டு போச்சு, செய்தியும் போச்சு. ஆனால் அதே மழையில் எஃப்.எம் வைத்தால் ஒரு சத்தமும் இல்லாமல் பாட்டு மட்டும் சுத்தமாக வரும்.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரே ஒரு மனுஷன் இருக்கிறார். பெயர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். நிலாவுக்குப் போன நீல் ஆர்ம்ஸ்ட்ராங் இல்லை, இவர் வேற.

ரேடியோ கம்பெனிகள் எல்லாம் பவரைக் கூட்டிக்கொண்டே போன காலத்தில், பவரைக் கூட்டினால் மட்டும் சவுண்டு தெளிவாகாது என்று நிரூபித்தவர். அதனால் பெரும் பணமும் பார்த்தார், பெரும் எதிரிகளையும் சம்பாதித்தார். கடைசியில் என்ன ஆனது? வாங்க, முதலில் இருந்து பார்ப்போம்.

யார் இந்த ஆர்ம்ஸ்ட்ராங்?

1890 டிசம்பர் 18-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஜான், ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தவர். அம்மா எமிலி, கல்யாணத்துக்கு முன்பு டீச்சர். வசதிக்குக் குறைவில்லாத வீடு.

ஒன்பது வயது வாக்கில் பையனுக்கு ஒரு நோய் வந்தது. கை, தோள், முகம் எல்லாம் தானாக வெட்டி வெட்டி இழுக்கும் ஒருவகை நரம்புக் கோளாறு. இரண்டு வருஷம் பள்ளிக்கூடமே போகவில்லை, வீட்டிலேயே பாடம். நோய் போனாலும் தோளும் கழுத்தும் இழுக்கிற பழக்கம் மட்டும் சாகிற வரைக்கும் போகவில்லை. பதற்றம் வந்தால் கூடுதலாக இழுக்குமாம்.

தனியாக இருந்த பையன் புத்தகத்தில் மூழ்கினான். கண்டுபிடிப்பாளர்கள் பற்றிய ஒரு சிறுவர் புத்தகத்தில் மார்கோனியின் கம்பியில்லாத் தந்தி பற்றிப் படித்தான். அவ்வளவுதான், வாழ்க்கையே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

குடும்பம் யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபோன பிறகு, மாடி அறை முழுக்க கம்பிச் சுருளும் பேட்டரியும்தான். 1910-ல் வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயர ஆன்டெனா கம்பம் ஒன்றைத் தானே எழுப்பினார். ஒரு சின்ன ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து, கயிறு கட்டி, தன்னைத்தானே மேலே இழுத்துக்கொண்டு போவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்தார்கள், இவருக்கு மட்டும் பயம் கிடையாது. உயரம் என்றால் அவருக்கு அப்படி ஒரு மோகம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையில் திரும்ப வரும்.

21 வயதில் முதல் அதிசயம்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். யாங்கர்ஸிலிருந்து தினமும் சிவப்பு நிற இந்தியன் மோட்டார் சைக்கிளில் காலேஜுக்கு வருவார். வாத்தியார்களிடம் எதிர்க்கேள்வி கேட்கிற ஸ்டூடண்ட். பாதிப் பேருக்குப் பிடிக்காது, ஆனால் மைக்கேல் பியூபின் என்ற பெரிய பேராசிரியருக்கு மட்டும் பையனைப் பிடித்திருந்தது.

அப்போது ரேடியோவின் பெரிய பிரச்சினை, வருகிற சிக்னல் மிக மிக மெல்லியதாக இருக்கும் என்பதுதான். ஹெட்போனை காதில் அழுத்திப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்க வேண்டும். லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906-ல் ஆடியான் என்ற ஒரு வால்வைச் செய்திருந்தார். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

1912-ல் ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு காரியம் செய்தார். வால்விலிருந்து வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை எடுத்து, திரும்ப அதன் வாசலுக்கே அனுப்பினார். அது இன்னும் பெருசாகி வெளியே வரும். அதை மறுபடியும் உள்ளே அனுப்பு. இப்படிச் சுற்றிச் சுற்றி சிக்னல் பல மடங்கு வளர்ந்தது. ஹெட்போன் மேஜையில் கிடக்க, அறை முழுக்க சத்தம் கேட்டது. ராத்திரி நேரத்தில் தங்கச்சி அறைக்குள் ஓடி, கண்டுபிடிச்சிட்டேன் என்று குதித்துக் கத்தினாராம்.

மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி வைத்தால் கீய்ங்னு ஒரு ஊளை வருமே, அதே சங்கதிதான். அதைக் கட்டுக்குள் வைத்தால் பெருக்கி. கட்டு மீறவிட்டால் அது தானே அலைகளை உற்பத்தி பண்ணும் டிரான்ஸ்மிட்டர். ஒரே சர்க்யூட்டில் இரண்டு கண்டுபிடிப்பு.

பேட்டன்ட் எடுக்கப் பணம் வேண்டும். அப்பா, முதலில் டிகிரியை முடி என்று சொல்லிவிட்டார். சர்க்யூட் படத்தை ஒரு நோட்டரியிடம் காட்டி முத்திரை மட்டும் வாங்கி வைத்தார். தேதி 1913 ஜனவரி 31. பேட்டன்டுக்கு விண்ணப்பித்தது அந்த வருஷம் அக்டோபரில்தான். இந்தத் தாமதத்துக்கு அவர் கொடுத்த விலை 20 வருஷ கோர்ட் அலைச்சல்.

அடுத்த வருஷம் ஜனவரி 30 இரவு, நியூஜெர்சியில் பெல்மார் என்ற கடலோர ஊரில் மார்கோனி கம்பெனியின் ஸ்டேஷன். குளிர் நடுக்கும் ஒரு கொட்டகைக்குள் ஆர்ம்ஸ்ட்ராங்கும், மார்கோனி கம்பெனியில் வளர்ந்துவந்த இன்னொரு இளைஞரும் உட்கார்ந்து விடிய விடிய சிக்னல் பிடித்தார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹவாயின் ஹோனலூலு சிக்னல்கூடக் கிடைத்தது. அந்த இன்னொரு இளைஞர் பெயர் டேவிட் சார்னாஃப். இருவரும் அன்றிலிருந்து நண்பர்கள். இந்தப் பெயரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

போர்க்களத்தில் பிறந்த ரிசீவர்

முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்து பாரிஸுக்குப் போனார். அங்கே 1918-ல் அடுத்த கண்டுபிடிப்பு: சூப்பர்ஹெட்டரோடைன். பெயர்தான் வாய்க்குள் நுழையாது, விஷயம் சுலபம். எந்த ஸ்டேஷன் சிக்னல் வந்தாலும் முதலில் அதை ஒரே ஒரு நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிவிடு. பிறகு அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் நன்றாகப் பெருக்கி, வடிகட்டு. பத்து ஊர்க்காரர்கள் பத்து பாஷையில் பேசினாலும் ஒரே பாஷைக்கு மொழிபெயர்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிற மாதிரி.

பிரான்ஸின் லூசியன் லெவி என்பவரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் இதே யோசனைக்கு வந்திருந்தார், அதன் உரிமையில் ஒரு பகுதி பின்னால் அவர் பக்கம்தான் போனது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். அதற்குப் பிறகு பல தலைமுறை ரேடியோ, டிவி எல்லாமே இந்த அடிப்படையில்தான் ஓடின.

போர் முடிந்து மேஜராக ஊர் திரும்பியவரை பணம் தேடி வந்தது. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 1920-ல் அவரது பேட்டன்ட்களை 3,35,000 டாலருக்கு வாங்கியது. இன்னொரு கண்டுபிடிப்பை ஆர்.சி.ஏ என்ற ரேடியோ கம்பெனி 2 லட்சம் டாலர் ரொக்கமும் 60,000 பங்குகளும் கொடுத்து வாங்கியது. ஆர்.சி.ஏ-வின் மிகப்பெரிய தனிநபர் பங்குதாரர் ஆகிவிட்டார் நம்ம ஆள். அந்தக் கம்பெனியில் விறுவிறுவென மேலே ஏறிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அதே டேவிட் சார்னாஃப்.

சார்னாஃபின் செகரெட்டரி மேரியன் மெக்கின்னிஸ். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அவர் மேல் காதல். 1923-ல் நியூயார்க்கில் ஆர்.சி.ஏ-வின் ஆன்டெனா டவர் உச்சிக்கு, 21 மாடிக் கட்டடத்துக்கும் மேலே 115 அடி ஏறி நின்று போட்டோ எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். சார்னாஃபுக்கு வந்ததே கோபம், இனி இந்தப் பக்கம் வராதே என்று தடை போட்டார். ஆனால் மேரியன் சம்மதித்துவிட்டார். அந்த டிசம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை கொடுத்த பரிசு, கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சூப்பர்ஹெட் ரேடியோ. கடற்கரையில் இருவரும் அந்த ரேடியோவுடன் உட்கார்ந்திருக்கும் போட்டோ இன்றும் இருக்கிறது.

கோர்ட்டில் தோற்றார், இன்ஜினியர்கள் எழுந்து நின்றார்கள்

இதற்கு நடுவில் டி ஃபாரஸ்ட், அந்த முதல் கண்டுபிடிப்பு என்னுடையது என்று வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். கீழ்க் கோர்ட், மேல் கோர்ட், திரும்பவும் கீழ்க் கோர்ட் என்று வழக்கு அலைந்தது. சமரசமாகப் போகச் சொன்னவர்கள் நிறைய. இவர் கேட்கவில்லை. 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இறுதியாக டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்பு சொன்னது. சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்பதையே கோர்ட் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் பெரும்பாலான இன்ஜினியர்களின் கருத்து.

ரேடியோ இன்ஜினியர்கள் சங்கம் தனது முதல் கௌரவப் பதக்கத்தை 1917-ல் இவருக்குத்தான் கொடுத்திருந்தது. தீர்ப்பு வந்த பிறகு பிலடெல்ஃபியாவில் நடந்த சங்கக் கூட்டத்துக்குப் போய், அந்தப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். சங்கம் வாங்க மறுத்தது. பதக்கம் உங்களுடையதுதான் என்று மறுபடியும் அறிவித்தது. மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது.

சட்டம் ஒரு பக்கம், தொழில் தெரிந்தவர்கள் மறுபக்கம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, இரைச்சல் எங்கிருந்து வருது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நான் தமிழ் இலக்கியம் படிச்ச ஆள். எனக்கே புரிந்த மாதிரி சொல்கிறேன், பிசிக்ஸ்காரர்கள் மன்னிக்கவும்.

பழைய ரேடியோ ஏ.எம் முறை. பிளஸ் டூ புத்தகத்தில் வீச்சுப் பண்பேற்றம் என்று வரும். நம் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ரேடியோ அலையின் பலம் கூடும், குறையும். ரிசீவர் அந்தக் கூடல் குறைச்சலைத்தான் சத்தமாக மாற்றுகிறது. சிக்கல் என்னவென்றால் மின்னல், மோட்டார், ஸ்விட்ச் தீப்பொறி எல்லாமே இதே வேலையைத்தான் செய்கின்றன. அதுவும் அலையின் பலத்தைக் கூட்டும், குறைக்கும். எது குரல், எது மின்னல் என்று ரிசீவருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் காலத்து கம்பெனிகள் கண்ட தீர்வு, பவரைக் கூட்டு. 5 கிலோவாட்டா, 50 ஆக்கு. இரைச்சலை அமுக்குகிற அளவுக்குக் கத்து. பக்கத்தில் இருப்பவனுக்கு நன்றாகக் கேட்கும். தூரத்தில் இருப்பவனுக்கு இரைச்சல் அப்படியேதான்.

ஆர்ம்ஸ்ட்ராங் தலைகீழாக யோசித்தார். அலையின் பலத்தை அப்படியே நிலையாக வைத்துவிட்டு, அதிர்வெண்ணை மட்டும் குரலுக்கு ஏற்ப அசைத்தால்? அதுதான் எஃப்.எம், அதிர்வெண் பண்பேற்றம். இப்போது மின்னல் வந்து அலையின் பலத்தை மாற்றினாலும் கவலை இல்லை. ரிசீவரில் லிமிட்டர் என்ற ஒரு பகுதி, தோட்டக்காரர் வேலிச் செடியை மட்டமாக வெட்டுகிற மாதிரி, மேலே துருத்திக்கொண்டு வருவதை எல்லாம் வெட்டி எறிந்துவிடும். குரல் அதிர்வெண்ணில் இருக்கிறது, அதனால் அதற்கு எந்தச் சேதமும் இல்லை.

எஃப்.எம் என்ற யோசனை புதுசு இல்லை. 1922-லேயே ஜான் கார்சன் என்ற பெரிய கணிதப் புலி, எஃப்.எம்-மால் பயனில்லை என்று கணக்குப் போட்டே காட்டிவிட்டார். அவர் கணக்கு தப்பும் இல்லை. ஆனால் அவர் யோசித்தது குறுகிய எஃப்.எம்; அலையைக் கொஞ்சூண்டு மட்டும் அசைப்பது. ஆர்ம்ஸ்ட்ராங் அகலமாக அசைத்துப் பார்த்தார். இன்றைய எஃப்.எம் ஸ்டேஷனில் அந்த அசைவு இரண்டு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அசைவு அகலமாக அகலமாக இரைச்சல் சுருங்கியது. பவரைக் கூட்டாமலே.

கூடவே ஒரு போனஸ்: 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி, அதாவது வயலினின் மெல்லிய கீச்சு, ஜால்ராவின் சிலிர்ப்பு வரைக்கும் உள்ளே அடங்கியது. ஏ.எம்-மில் அதெல்லாம் வெட்டுப்பட்டுத்தான் வரும்.

லாரி டிரைவர்களின் சி.பி ரேடியோவிலும் இதே பஞ்சாயத்து

இது 90 வருஷத்துக்கு முந்தைய கதைதானே என்று நினைக்காதீர்கள். அமெரிக்க லாரி டிரைவர்கள் கையில் மைக் பிடித்துப் பேசுவார்களே, ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள், அந்த சி.பி ரேடியோவில் இன்றும் இதே பஞ்சாயத்துதான்.

27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 40 சேனல்கள். ஏ.எம்-மில் சட்டப்படி 4 வாட்தான் பவர். வீட்டு மேஜையில் பேஸ் ஸ்டேஷன் வைத்திருப்பவர் முதலில் செய்ய நினைப்பது என்ன? பெட்டியைத் திறந்து பவரை ஏற்றுவது. 4 வாட்டை 16 வாட் ஆக்கினால் நாலு மடங்கு கேட்கும் என்ற ஆசை. உண்மையில் எதிர்முனையில் இருப்பவரின் சிக்னல் மீட்டரில் அது ஒரே ஒரு எண்தான் ஏறும். சட்டவிரோதம் வேறு.

அடுத்து மைக் கெயினை முழுக்கத் திருகுவார்கள். ஏ.எம்-மில் குரல், கேரியர் அலையை 100 சதவீதம் வரைதான் அசைக்கலாம். அந்த எல்லையில் 4 வாட் கேரியர், உச்சத்தில் 16 வாட் வரை தொடும். அதைத் தாண்டினால் அலையின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும். பக்கத்து சேனலில் பேசுபவர்கள் மேலும் எச்சில் தெறிக்கிற மாதிரி தெறிக்கும். சத்தம் கூடியிருக்கும், வார்த்தைதான் புரியாது. நம்ம ஊர் கல்யாண வீட்டு மைக்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரியான வழி வேற. முதலில் ஆன்டெனாவை உயரமாக வைத்து, எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் போட்டு அதைச் சரியாக ட்யூன் செய்ய வேண்டும். பவரை 4 வாட்டிலேயே விட்டுவிட வேண்டும். பிறகு வழக்கமாகப் பேசும் குரலில் பேசிக்கொண்டே, மாடுலேஷன் 100-ஐத் தாண்டாத இடத்தில் மைக் கெயினை நிறுத்த வேண்டும். எதிர்முனையில் ஒரு ஆளிடம் எப்படிக் கேட்கிறது என்று கேட்டுச் சரிபார்ப்பது எந்த மீட்டரையும்விட நம்பகமானது. அந்தப் பெட்டிக்குள் சிக்னலைப் பிடிக்கும் பகுதி, 1918-ல் பாரிஸில் ஆர்ம்ஸ்ட்ராங் யோசித்த அதே சூப்பர்ஹெட்டரோடைன்தான்.

நண்பனுக்குக் காட்டினார், நண்பன் கைவிட்டார்

எஃப்.எம்-முக்கான முக்கிய பேட்டன்ட்கள் 1933 டிசம்பர் 26-ல் கிடைத்தன. அந்த மாதமே சார்னாஃபை கொலம்பியா பல்கலைக்கழக லேபுக்குக் கூட்டிவந்து காட்டினார். சார்னாஃப் அப்போது ஆர்.சி.ஏ-வின் தலைவர். ஏ.எம் ரேடியோவில் ஒட்டிக்கொள்கிற மாதிரி இரைச்சலை நீக்கும் ஒரு சின்னப் பெட்டியை அவர் எதிர்பார்த்தார். நண்பர் கொண்டுவந்ததோ, இருக்கிற டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லும் ஒரு முழுப் புரட்சி.

இருந்தாலும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85-வது மாடியில் சோதனை நடத்த இடம் கொடுத்தார்கள். 1934 ஜூனில் தொடங்கியது. வெறும் 2 கிலோவாட் பவர். நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, இடி மின்னலுக்கு நடுவிலும் சுத்தமான சங்கீதம் கேட்டது. ஒரே அலையில் இரண்டு ரேடியோ நிகழ்ச்சிகள், ஒரு தந்தி, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கப் படம் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பியும் காட்டினார்.

1935-ல் ஆர்.சி.ஏ அவரது கருவிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. டெலிவிஷன் சோதனைக்கு அந்த இடம் வேண்டுமாம். ஏ.எம்-மில் கோடிக்கணக்கில் முதலீடு போட்டிருந்த, அடுத்து டிவியில் கொட்டப்போகும் ஒரு கம்பெனியின் கண்ணோட்டத்தில் அது சரியான வியாபார முடிவாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங் அதை நண்பனின் துரோகமாகத்தான் பார்த்தார்.

அந்த நவம்பர் 5-ம் தேதி நியூயார்க்கில் இன்ஜினியர்கள் கூட்டத்தில் கட்டுரை வாசித்துவிட்டு, அப்படியே ஒரு ரிசீவரை ஆன் செய்தார். யாங்கர்ஸில் ஒரு நண்பர் வீட்டு ஸ்டேஷனிலிருந்து எஃப்.எம்-மில் ஒலி வந்தது. முதலில் ஒரே நிசப்தம், ரேடியோ ஓடவில்லையோ என்று நினைக்கிற அளவுக்கு. பிறகு ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றும் சத்தம். காகிதம் கசங்கும் சத்தம். அதுவரை ரேடியோவில் யாரும் அந்தச் சத்தங்களை அப்படியே கேட்டதில்லை.

சொந்தக் காசில் கட்டிய டவர்

யாரும் முன்வரவில்லையா, நானே கட்டுகிறேன் என்று இறங்கினார். நியூஜெர்சியில் ஆல்பைன் என்ற இடத்தில், ஹட்சன் நதிக்கரைப் பாறை மேல், மூன்று கைகளுடன் 400 அடிக்கும் மேல் ஒரு பிரம்மாண்ட டவர். 3 லட்சம் டாலருக்கு மேல் சொந்தப் பணம். 1939-ல் முறையாக ஒலிபரப்பு தொடங்கியது. டவர் கட்டும்போது எந்த உச்சிக்கும் அவரே ஏறிப் பார்ப்பார், வயது ஐம்பதை நெருங்கியபோதும்.

இதற்குப் பிறகு காற்று அவர் பக்கம் வீசியது. நியூ இங்கிலாந்து பகுதியில் யாங்கி நெட்வொர்க் எஃப்.எம்-முக்கு மாறியது. கனெக்டிகட் மாநில போலீஸ் 1940-ல் தன் ரோந்து கார்கள் அனைத்துக்கும் எஃப்.எம் ரேடியோ வைத்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி 40 சேனல்கள் ஒதுக்கி, 1941 ஜனவரி 1 முதல் வணிக ஒலிபரப்புக்கு அனுமதி தந்தது. டிவியின் ஒலிக்கும் எஃப்.எம்-தான் என்று முடிவானது.

ஆர்.சி.ஏ இப்போது இறங்கிவந்தது. ராயல்டி எல்லாம் கிடையாது, மொத்தமாக 10 லட்சம் டாலர் தருகிறோம் என்றது. ஆர்ம்ஸ்ட்ராங் மறுத்தார். மற்ற கம்பெனிகள் ஒழுங்காக ராயல்டி கட்டும்போது உங்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்பது அவர் நியாயம். நியாயம்தான். ஆனால் அந்த 10 லட்சத்தை வாங்கியிருந்தால் கதையே மாறியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது ராணுவத்துக்குத் தன் பேட்டன்ட்களை இலவசமாகக் கொடுத்தார். டாங்கியின் இன்ஜின் சத்தத்துக்கும் தீப்பொறி இரைச்சலுக்கும் நடுவில் பேச எஃப்.எம்-மைவிட நல்லது எது? போர் முடிந்த கையோடு, 1946 ஜனவரி 10-ல் அமெரிக்க ராணுவம் முதன்முறையாக நிலாவை நோக்கி ரேடியோ அலை அனுப்பி அதன் எதிரொலியைப் பிடித்தது. அதில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வடிவமைப்பும் இருந்தது. எங்கே நடந்தது தெரியுமா? 1914-ல் அவரும் சார்னாஃபும் விடிய விடிய உட்கார்ந்திருந்த அதே பழைய பெல்மார் மார்கோனி ஸ்டேஷன் வளாகத்தில்.

ஒரே உத்தரவில் குப்பையான 4 லட்சம் ரேடியோக்கள்

1945 ஜூனில் எஃப்.சி.சி ஒரு உத்தரவு போட்டது. 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸில் இருந்த எஃப்.எம், இனி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும். சூரியப் புள்ளிகளால் பழைய இடத்தில் இடையூறு வரும் என்பது காரணம். அந்தக் கணக்கே தப்பு என்று ஆர்ம்ஸ்ட்ராங் போராடிப் பார்த்தார், எடுபடவில்லை. மக்கள் வீட்டில் இருந்த சுமார் 4 லட்சம் எஃப்.எம் ரேடியோக்களும், இயங்கிக்கொண்டிருந்த ஸ்டேஷன்களின் டிரான்ஸ்மிட்டர்களும் பழைய இரும்பாகின.

அதோடு விடவில்லை. ஒரு ஸ்டேஷன் அதன் நகர வட்டாரத்தைத் தாண்டி எட்டாத மாதிரி பவருக்கும் வரம்பு வைத்தார்கள். மலை உச்சியிலிருந்து பல மாவட்டங்களை எட்டிக்கொண்டிருந்த ஸ்டேஷன்களுக்குச் சிறகு வெட்டியது போலானது. குறைந்த பவரிலேயே நல்ல ஒலி கிடைக்கும் என்று காட்டிய மனிதர், இப்போது பவருக்காகவும் எஃப்.சி.சி படியேற வேண்டிய நிலை.

1948 ஜூலையில் ஆர்.சி.ஏ, அதன் துணை நிறுவனமான என்.பி.சி மீது பேட்டன்ட் மீறல் வழக்கு போட்டார். எதிர்த்தரப்பு அவசரப்படவே இல்லை. விசாரணைக்கு முந்தைய வாக்குமூலம் என்ற பெயரில் கேள்வி மேல் கேள்வியாக அவரை உட்கார வைத்தது. 1950 முடிவில் அடிப்படை பேட்டன்ட்களின் ஆயுளும் முடிந்தது. ராயல்டி வரத்து நின்றது, வக்கீல் செலவு மட்டும் நிற்கவில்லை.

அந்தக் கடைசிக் குளிர்காலம்

1953-க்குள் கையில் இருந்த பணம் கிட்டத்தட்ட கரைந்துவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வழக்கைப் பற்றி மட்டுமே பேசினார். தங்களுடைய வயோதிகக் காலத்துக்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தையும் வழக்குக்காகக் கேட்டார்; மேரியன் தர மறுத்து, சமரசமாகப் போகும்படி சொன்னார். அந்த நவம்பரில் ஒரு சண்டையில் ஆர்ம்ஸ்ட்ராங் கணப்படுப்புக் கம்பியை ஓங்க, அது மேரியனின் கையில் பட்டது. 30 வருஷம் கூட வாழ்ந்தவர் வீட்டை விட்டு, கனெக்டிகட்டில் இருந்த சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் தனியாகக் கழிந்தன. 1954 ஜனவரி 31 இரவு, மேரியனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஆர்ம்ஸ்ட்ராங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 63. நோட்டரி முத்திரை வாங்கிய நாளும், பெல்மாரில் ஹோனலூலுவைக் கேட்டு விடிந்த நாளும் இதே ஜனவரி 31.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104, டெலி மானஸ் 14416.)

மேரியன் விடவில்லை

செகரெட்டரியாக சார்னாஃபிடம் வேலை பார்த்தவர் என்று சொன்னேன் அல்லவா? அந்த மேரியன் இப்போது வழக்கைக் கையில் எடுத்தார். 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ சுமார் பத்தரை லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. 1940-ல் கணவர் வேண்டாம் என்று சொன்ன தொகையும் ஏறக்குறைய இதுதான்.

மற்ற கம்பெனிகளையும் அவர் விடவில்லை. ஒவ்வொன்றாக வழக்கு, ஒவ்வொன்றாக வெற்றி. மோட்டோரோலா மட்டும் கடைசி வரை இழுத்தது. 1967-ல் அதிலும் ஜெயித்தார். ஆர்ம்ஸ்ட்ராங் இறந்து 13 வருஷம் கழித்து, எஃப்.எம் யாருடையது என்ற கேள்விக்கு கோர்ட்டும் முழுசாகப் பதில் சொன்னது.

அதன் பிறகு எஃப்.எம் வளர்ந்த வேகம் நமக்குத் தெரியும். 1961-ல் ஸ்டீரியோ வந்தது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் ஏ.எம்-மைவிட எஃப்.எம் கேட்பவர்கள் அதிகமானார்கள். இந்தியாவில் முதல் எஃப்.எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் தொடங்கியது நம்ம மெட்ராஸ் வானொலியில்தான்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வர்த்தக மையம் சரிந்தபோது, அதன் உச்சியில் இருந்த டிவி ஆன்டெனாக்களும் போயின. நியூயார்க்கின் சில சேனல்கள் தற்காலிகமாக ஏறி நின்றது ஆல்பைனில் ஆர்ம்ஸ்ட்ராங் சொந்தக் காசில் கட்டிய அந்த மூன்று கை டவரில். டவர் இன்றும் அங்கே இருக்கிறது.

சி.பி ரேடியோவுக்கு வருவோம். 2021-ல் எஃப்.சி.சி அதற்கும் எஃப்.எம் அனுமதி கொடுத்துவிட்டது. பவர் அதே 4 வாட்தான். சேனலின் அகலம் குறைவு என்பதால் ரேடியோ ஸ்டேஷன் மாதிரியான தெளிவு முழுசாகக் கிடைக்காது, கார்சன் கணக்குப் போட்ட குறுகிய எஃப்.எம்-தான் அது. ஆனாலும் பக்கத்தில் இருக்கும் இரண்டு லாரிகள் பேசிக்கொள்ளும்போது, இன்ஜின் இரைச்சல் இல்லாமல் குரல் மட்டும் கேட்கிறது. இப்போது வருகிற புதிய செட்களில் ஏ.எம், எஃப்.எம் என்று மாற்ற ஒரு பட்டன் வைத்தே விற்கிறார்கள்.